நேர்மையான சாட்சிகளின் பிழை

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘த ராங் மேன்’ (1956) ஓர் உண்மை நிகழ்வைத் தழுவியது. நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப்பில் பாஸ் இசைக்கருவி வாசித்துவந்த மேனி பலஸ்ட்ரேரோ, 1953 ஜனவரியில் கொள்ளைக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். மனைவியின் பல் சிகிச்சைச் செலவுக்காக அவளது காப்பீட்டுப் பத்திரத்தின்மேல் கடன் கிடைக்குமா என விசாரிக்கச் சென்றதே அவர் செய்தது. முன்பு அங்கே கொள்ளையடித்தவன் இவரே என அலுவலகப் பெண்கள் அடையாளம் கண்டுவிட்டனர்.

இப்படத்தில் வில்லன் என்று ஒருவரும் இல்லை. அப்பெண்கள் பொய்யர்களல்லர், அச்சம் அவர்கள் நினைவில் வேறொரு முகத்தைப் பதித்துவிட்டது. காவலர்களும் முரடர்களல்லர். கொள்ளைக்காரனின் சீட்டை வாசித்து மேனியை எழுதச் சொல்கின்றனர். அதே எழுத்துப்பிழை அவர் கையிலும் விழுகிறது. ஐயம் அத்தாட்சியாகிவிடுகிறது.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா அல்ஹுஜுராத் பணிக்கிறது. நல்லவன் கொண்டுவரும் செய்தி? ஹதீஸ் கலை அறிஞர்கள் இதற்கும் விடை கண்டிருந்தனர். அறிவிப்பாளரிடம் ‘அதாலத்’ எனும் நேர்மை இருந்தால் மட்டும் போதாது. ‘ளப்த்’ எனும் நினைவுத் துல்லியமும் வேண்டும் என்றனர். தொழுகையாளியாயினும் மறதி மிகுந்தவரின் அறிவிப்பை அவர்கள் தயங்காமல் ஒதுக்கினர். ஹிட்ச்காக்கின் சாட்சிகளிடம் முன்னது உண்டு, பின்னது இல்லை. அந்த நீதிமன்றமோ முன்னதோடு நிறைவடைந்துவிடுகிறது.

வழக்கு முடிவதும் நீதியால் அன்று. சலிப்புற்ற ஜூரி ஒருவர் எழுந்து குறுக்கிட, விசாரணை செல்லாததாகிறது. எல்லாம் மீண்டும் தொடங்கவேண்டும். அதன்பின் மேனி ஈஸா நபியின் படத்தின்முன் பிரார்த்திக்க, அவர் முகத்தின்மேல் உண்மைக் குற்றவாளியின் முகம் படர்கிறது. கத்தோலிக்கரான இயக்குநரின் நம்பிக்கையை மதிக்கலாம். துஆ ஏற்கப்படுவதில் நமக்கும் ஐயமில்லை. எனினும் கலையென்ற அளவில் இக்காட்சி, இதுவரை கட்டிய கேள்வியை அவசரமாக மூடுகிறது.

நல்லவேளையாக, அடுத்த காட்சி அதைத் திறந்துவிடுகிறது. அதே பெண்கள் அதே உறுதியுடன் புதியவனை அடையாளம் காட்டுகின்றனர். மேனியைக் கடக்கையில் முகம் பார்க்க மாட்டாமல் நடக்கின்றனர். இந்தக் கொள்ளைக்காரன் சாயலில் மேனியை ஒத்திருக்கிறானே தவிர, அச்சாக அவரல்லன்.

இதற்குள் மனைவி ரோஸ் (வேரா மைல்ஸ்) சித்தம் கலங்கி மனநல விடுதியில் இருக்கிறாள். விடுதலைச் செய்தியோடு செல்லும் கணவருக்கு அவள் விழிகளில் ஒரு சலனமும் கிடைப்பதில்லை. பின்னர் அவள் குணமடைந்தாள் எனத் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. அந்த விழிகளைக் கண்டபின் அதை நம்ப மனம் வருவதில்லை.