மூன்று ஐம்பது

தடுப்பூசி ஆய்வறிக்கை எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது வயதுவாரி அட்டவணையைத்தான். வயது ஏற ஏற அதில் பாதுகாப்பு இறங்கும். பெரும்பாலான ஊசிகளுக்கு இதுவே விதி. அக்கிக்கான இரண்டு ஊசிகளின் அட்டவணைகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதில் தனிச் சுவை உண்டு.

முதலாவது, 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜோஸ்டாவாக்ஸ். வலுக்குறைத்த உயிருள்ள சின்னம்மை வைரஸ். குழந்தைகளுக்குப் போடும் சின்னம்மை ஊசியைப் போல ஏறத்தாழ பதினான்கு மடங்கு வீரியம். அறுபதுகளில் இருந்தவர்களை 64 சதவீதம் காத்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு 38. எண்பதைத் தாண்டியவர்களுக்கு 18. அக்கி யாரை அதிகம் வாட்டுமோ அவர்களையே கைவிட்ட ஊசி.

இரண்டாவது, 2017இல் வந்த ஷிங்ரிக்ஸ். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 97 சதவீதம், எழுபதுக்கு மேல் சுமார் 90, எண்பதுக்கு மேலும் கிட்டத்தட்ட அதே 90. முதல் பெரிய சோதனையில் போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 210 பேருக்கு அக்கி கண்டது. உண்மை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 6 பேருக்கு. வயதின் சரிவு எங்கே போயிற்று?

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து, உடம்பின் நோயெதிர்ப்புக் காவல் தளரும்போது ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்பளிக்கிறது, நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. இந்தக் காவல் தளர்ச்சியை முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் பொது மருத்துவர். ஆய்வுக்கூடப் பேராசிரியர் அல்லர். தம் நோயாளிகளின் குறிப்புகளைப் பல ஆண்டுகள் சேர்த்து வைத்து, 1965இல் அந்தக் கருதுகோளை வெளியிட்டார்.

தளர்வது எது என்பதில்தான் நுட்பம். சின்னம்மைக்கு எதிரான ஆன்டிபாடி முதுமையிலும் ஓரளவு அப்படியே இருக்கிறது. குறைவது டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் வேகம். ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி நிறைவாகத் தெரியும் ஒருவருக்கும் அக்கி வரலாம். புதிய டி செல்களைப் பயிற்றும் தைமஸ் சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கிக் கொழுப்பாக மாறிவிடுகிறது. எழுபது வயதில் அங்கிருந்து புதியவை வருவது மிகச் சொற்பம். முன்பே நோயைச் சந்தித்த நினைவு செல்கள் மிஞ்சியிருக்கும், ஆனால் மந்தமாக.

ஷிங்ரிக்ஸ் பெரிதும் நாடுவது இந்தப் பழைய செல்களைத்தான். அதில் வைரஸ் இல்லை. வைரஸின் மேற்பரப்பில் மிக அதிகமாகக் காணப்படும் ஒரு புரதம் மட்டும், 50 மைக்ரோகிராம். சிறு வயதில் உடம்பு பார்த்த அதே முகம். கூடவே இரண்டு தூண்டுபொருள்கள், அவையும் தலா 50 மைக்ரோகிராம். அரை மில்லிக்குள் மூன்று ஐம்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்காக. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

தூண்டுபொருள்களில் ஒன்று சால்மொனெல்லா பாக்டீரியாவின் உறையிலிருந்து நஞ்சு நீக்கி எடுத்தது. மற்றது சிலி நாட்டின் குவில்லாயா மரப்பட்டையில் கிடைக்கும் சப்போனின். தண்ணீரில் நுரைக்கும் அந்தப் பட்டையை அங்கே சோப்பாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். சப்போனினைத் தனியாக ஊசியில் ஏற்றினால் செல் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு சவ்வையே ஓட்டையிடும். கருணைக்கிழங்கின் நமைச்சலுக்குப் புளி சேர்ப்பது போல, இங்கே கொலஸ்ட்ரால் கலந்த நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அதை ஏற்றிவிட்டார்கள். குமிழின் கொலஸ்ட்ராலைப் பற்றியதும் அதன் கடுமை அடங்குகிறது, தூண்டும் குணம் தங்குகிறது. எந்தக் கொலஸ்ட்ராலுக்காக டாக்டர் முட்டையின் மஞ்சள் கருவைக் குறைக்கச் சொல்கிறாரோ, அதேதான்!

இரண்டையும் சேர்த்தால் வரும் பலன் தனித்தனியே கொடுத்தால் வருவதில்லை. எலிகளில் கண்டது இது: சேர்த்துக் கொடுத்த சில மணி நேரத்தில் நிணநீர் முடிச்சில் இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதம் சுரக்கிறது, டி செல்கள் வலுவாக எழுவது அதற்குப் பிறகு. ஜோஸ்டாவாக்ஸ் அளவைக் கூட்டிப் பார்த்தது. ஷிங்ரிக்ஸ் அழைக்கும் விதத்தை மாற்றியது. முதுமைக்கென்று ஊசி செய்வது என்றால் இதுதான்.

இதற்குக் கைதான் விலை கொடுக்கிறது. பெரும்பாலானோருக்கு ஊசி போட்ட இடம் வலிக்கும். பலருக்கு உடம்புவலி, அசதி, காய்ச்சல். எழுபது கடந்தவர்களுக்கு இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. பாதுகாப்பு பதினொன்றாம் ஆண்டிலும் சுமார் 80 சதவீதம் நின்றிருக்கிறது.

இந்தியாவில் ஷிங்ரிக்ஸ் 2023 முதல் தனியாரிடம் கிடைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, விலையும் கூடுதல். வீட்டில் ஐம்பதைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். போடுவதென்று முடிவானால், இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது ஊசி உண்டு; முதல் ஊசிக்குக் கை வலித்தது என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.