கோல் பட்டியலில் இடம்பெறாத ஆட்டம்

மூசா டெம்பெலே டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பருக்காக ஏறத்தாழ 250 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் 10. கோலையும் கோலுக்கு முந்தைய பாஸையும் கூட்டி மிட்ஃபீல்டருக்கு மதிப்புப் போடும் இன்றைய வழக்கப்படி இந்த பெல்ஜியக்காரர் மிகச் சாதாரண ஆட்டக்காரர். டாட்டன்ஹாமில் அவருடைய பயிற்சியாளராக இருந்த பொச்செட்டினோவோ, தாம் கண்ட கால்பந்து மேதைகளுள் மாரடோனா, ரொனால்டினோ ஆகியோருடன் இவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இரு மதிப்பீடுகளும் இவ்வளவு விலகி நிற்பதற்குக் காரணம், எண்ணுவதற்கு எளிதானதையே திறமைக்கு அளவுகோலாக்கிவிட்டதுதான்.

கணக்குப் பார்க்கும் வழக்கத்தால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. புகழும் தோற்றமும் பார்த்து ஆளெடுத்த காலத்தை அது பெருமளவு மாற்றியது. பந்தைப் பறித்த கணக்கைக் கவனித்துத்தான் லெஸ்டர் சிட்டி 2015இல் பிரான்சின் கான் அணியிலிருந்து என்கோலோ கான்டேயை எடுத்தது. அடுத்த ஆண்டே பிரீமியர் லீகை வென்றது. சரியானதை எண்ணினால் எண் நல்ல சாட்சி.

டெம்பெலே விஷயத்தில் எதை எண்ணுவது? முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவரை, டாட்டன்ஹாமுக்கு வருமுன் ஆடிய லண்டனின் ஃபுல்ஹாம் அணியில் பயிற்சியாளர் மார்ட்டின் யோல் நடுக்களத்துக்கு இறக்கினார். அங்கே, எதிரணி நெருக்கும்போது கோலுக்கு முதுகு காட்டியபடி பந்தை வாங்குவார். தோளால் ஒருவரைத் தடுத்து, இடது காலால் பந்தை இழுத்துத் திரும்புவார். அவரை மறிக்க இருவர் வந்தால் வேறொரு சக வீரர் தனியாக நிற்பார். பந்து அந்தச் சக வீரருக்குப் போய், அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, மூன்றாமவர் கோலடிக்கும்போது முதல் திருப்பத்துக்குப் பட்டியலில் இடமில்லை. எதிராளியைக் கடந்த எண்ணிக்கையில் அவர் முன்னணியில் இருந்தாரே என்று கேட்கலாம். அது எத்தனை முறை கடந்தார் என்பதைச் சொல்லும். அதனால் யாருக்கு இடம் கிடைத்தது என்பதைச் சொல்லாது.

வலுவான மறுப்பு வேறொன்று. 2019 ஜனவரியில் அவர் சீனாவின் குவாங்சோ ஆர்&எஃப் அணிக்குப் போனார்; அவர் இல்லாமலேயே டாட்டன்ஹாம் அந்த ஜூனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை எட்டியது. உண்மைதான். காயங்களால் அவர் ஏற்கெனவே பல ஆட்டங்களைத் தவறவிட்டதும் உண்மை. அதை எண்கள் சரியாகவே காட்டின. ஆனால் சில இரவுகளில் முடியும் கோப்பை ஆட்டத்தைவிட 38 ஆட்ட லீகே நடுக்களத்துக்கு நேர்மையான சோதனை. அதில் 2016-17இல் 86 புள்ளி பெற்ற அணி 2018-19இல் 71இல் நின்றது. முழுக் காரணமும் அவரது விலகல் என்று சொல்ல முடியாது. ஆயினும் அவருக்கு ஈடாக ஒருவரை அந்த ஜனவரியில் வாங்காமல் விட்டது, அவர் செய்த வேலையை நிர்வாகம் குறைத்து மதிப்பிட்டதையே காட்டுகிறது.

இப்படிக் குறைத்து மதிப்பிடுவதன் விளைவு பெரிய கிளப்புகளோடு நிற்பதில்லை. ஸ்ட்ரெதம் முதல் குரோய்டன் வரை தென் லண்டனின் கம்பிவேலி ஆடுகளங்களில் நெருக்கடியில் பந்தைக் காத்துத்தான் பிள்ளைகள் ஆட்டம் பழகுகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் கோலை மட்டும் குறித்துக்கொண்டால், அந்த இடம் கற்றுத்தரும் திறமையையே நிராகரிக்கிறார். கோல் கணக்கு இருக்கட்டும். கோல் எங்கே தொடங்கியது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.