ஒலிப்பதிவும் தனி அறையும்

அறிஞர் ஒருவர் ஓரிடத்தில் நிகழ்த்திய விரிவுரையைப் பிறிதொரு நாட்டார் பிறிதொரு காலத்திற் கேட்கும் வாய்ப்பை நல்கியது ஒலிப்பதிவாகும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய அம்பாறைக் கரையூர்களில், மாலைக் கூட்டங்களுக்குச் செல்ல இயலாத பெண்ணொருத்தியும் இன்று அடுப்படி வேலைக்கிடையே ஊடகக் கோட்பாடு பற்றியும் பெண்ணியச் சிந்தனை பற்றியும் கைத்தொலைபேசியில் உரை கேட்கலாம். இது சிறிய பேறன்று. விளங்காத இடத்தை மீட்டும் கேட்கலாம். எதிர்வினா எழுப்புதல் மட்டும் இயலாது. ஆதலின் அவ்வினாவைக் கேட்போரே தம் ஊரில் நின்று எழுப்புதல் வேண்டும்.

வேர்ஜினியா வுல்ஃப் 1928இல் கேம்பிறிட்ஜ் மகளிர் கல்லூரிகள் இரண்டில் ஆற்றிய உரைகளிலிருந்தே ‘தனக்கென ஓர் அறை’ என்னும் பொருள்படும் நூல் 1929இல் உருவாயிற்று. பெண் புனைகதை எழுத வேண்டின், ஆண்டுக்கு 500 பவுண் வருவாயும் பூட்டத்தக்க ஓர் அறையும் அவளுக்கு வேண்டும் என்பது அவர் துணிபு. (அவரது குரலாக எஞ்சியிருப்பதோ, 1937 ஏப்பிரல் 29இல் பிபிசி வானொலியிற் சொற்களைப் பற்றி ஆற்றிய பேச்சின் ஒரு பகுதி மட்டுமே.)

இவ்வாதத்தைக் கல்முனையில் நிறுத்திப் பார்த்தல் தகும். இக்கரையிலே முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியுள்ளது. மணத்தின்போது வீடு மகளுக்கே சீதனமாகும்; கணவன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். ஆங்கிலப் பெண்ணுக்கு அரிதென வுல்ஃப் கண்ட உடைமை ஈண்டு வழமையாகும். அங்ஙனமாயின் பெண்ணெழுத்து இங்கே முந்திப் பெருகியிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழ்ந்திலது. உறுதி அவள் பெயரில் இருக்கும். திறப்பும் அவள் கையில் இருக்கும். எழுதுதற்குரிய தனிமையும் ஓய்வும் அவற்றோடு வந்து சேர்ந்தில. அன்றியும், வீடு மணத்தின் நிபந்தனையாகிவிட்டமையின், அதனைக் கட்ட இயலாத குடும்பத்தில் அதுவே மகளின் தலைமேற் பாரமாகின்றது. உடைமையை மட்டும் அளந்து குரலை அளக்க முற்படும் வாதம் இக்கரையில் இடறி விழுகின்றது.

அறையின்றியும் பாடியோர் இங்கு இருந்தனர். வயலோரத்தும், பன்பாய் இழைக்கும் திண்ணையிலும் ஆடவரும் பெண்டிரும் பாடிய ‘கவி’கள் அத்தகையன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவற்றைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரின் தொகுப்பான ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ 2013இல் வெளிவந்தது. இவை நன்றிக்குரிய பணிகள். எனினும் ஏட்டிற் சொல் உண்டு. இழுவையும் மூச்சும் இல்லை. செய்தியைச் சுமக்கும் ஊடகமே செய்தியின் இயல்பை மாற்றும் என்று மக்லூகன் 1964இல் வாதித்ததைக் காதிற் கேட்டு வியப்போர், தம் பாட்டியின் கவி எவ்வூடகத்தில் எஞ்சியது என வினவுதல் அரிது. காயத்திரி ஸ்பிவாக் 1983இல் உரையாக நிகழ்த்திப் பின்னர் 1988இற் கட்டுரையாக்கிய ஆய்வும், அடக்கப்பட்டோர் பேசாமையை அன்று, அவர் பேச்சுக் கேட்கப்படாமையையே சுட்டுகின்றது.

உரை கேட்கும் கைத்தொலைபேசியே கவியையும் பதியவல்லது. ஆயின் கவிகளுட் பல காதற் கவிகள். பாயிழைத்தபடி தோழியரிடையே பாடியவள், அக்குரல் வேலியைக் கடந்து ஆடவர் செவிக்கும் ஊரார் நாவுக்கும் செல்ல இசைவாளா? பதிவு செய்வோர் முதலில் அவளிடமே கேட்டல் வேண்டும். அவள் மறுப்பின் கருவியை அணைத்தல் வேண்டும்.