கோபுலு: கோட்டுக்குள் வாழ்ந்த தமிழ்நாடு

பத்திரிகை ஜோக்குகளில் படம் வெறும் துணையாக நின்ற காலம் உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். சிரிப்பு முழுக்கக் கீழே அச்சான வசனத்தில் இருக்கும். ஆனந்த விகடனில் இதை மாற்றிக் காட்டியவர் ஓவியர் மாலி. அவர் வளர்த்தெடுத்த கோபுலுவோ, வசனமே வேண்டாம் என்னும் எல்லைவரை போனார்.

1924-ல் தஞ்சாவூரில் பிறந்த கோபாலன், கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவையாற்றில் தியாகராஜர் வீட்டு ராமர் பட்டாபிஷேகப் படத்தை வரைந்து வரும்படி மாலி அனுப்பினார். அது விகடன் தீபாவளி மலருக்கானது. கோபுலு என்ற பெயரும் மாலி வைத்ததுதான்.

அவருடைய மௌனச் சித்திரத் தொடர்களில் ஒரு சொல்கூட இருக்காது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குள் புருவம் ஏறும், தோள் தொங்கும், நமக்கு விஷயம் புரிந்துவிடும். இந்தத் திறமை தொடர்கதைகளில்தான் முழு வீச்சைக் கண்டது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் வந்தபோது, சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் வைத்திக்கும் ஜில் ஜில் ரமாமணிக்கும் வாசகர் மனத்தில் முகம் கொடுத்தவர் கோபுலு. 1968-ல் ஏ.பி.நாகராஜன் அதைப் படமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மனிதர்கள் வீடுவீடாகப் பழகியிருந்தார்கள். நாதஸ்வரத்தைப் பிடித்த விரல்கள், தவில்காரர் உட்காரும் விதம், பஞ்சகச்சத்தின் மடிப்பு எல்லாவற்றிலும் தஞ்சை மண்ணில் வளர்ந்த கண் தெரிகிறது.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' இன்னொரு உச்சம். அமெரிக்கத் தெருவில் ஜானவாச ஊர்வலம் என்ற கற்பனையை, நம்பும்படி வரைவது சாதாரண வேலையா? மடிசார் மாமிகளும் கவுன் அணிந்த சீமாட்டிகளும் ஒரே சட்டத்துக்குள் நிற்கிறார்கள், யாரும் கேலிப்பொருளாகவில்லை. கோபுலுவின் பெருமையாக நான் முதலில் சொல்வது இதைத்தான். குடுமியையும் தொப்பையையும் மிகைப்படுத்தி வரைந்தார், ஆனால் அந்த மனிதர்மேல் அன்பு குறையாமல் வரைந்தார்.

1963-ல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் 'ஆட் வேவ்' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். சன் டிவியின் சின்னம் அவர் வடிவமைத்தது என்பது அதைத் தினமும் பார்த்த பலருக்குத் தெரியாது. பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015 ஏப்ரல் 29 அன்று மறைந்தார்.

தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்த தலைமுறை, கதையையும் சித்திரத்தையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. அந்த நாவல்களை மறுபதிப்பு செய்யும் பதிப்பாளர்கள் கோபுலுவின் படங்களையும் நல்ல தாளில், உரிய அளவில் சேர்த்தே வெளியிட வேண்டும். பழைய பைண்டு வால்யூம்களைப் பரணில் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாமல் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள்.