பெயரில்லாப் பெண்

காதலரைப் பெயர் சுட்டாமல் பாடுவது தமிழ் அகத்திணை மரபு. தலைவன், தலைவி என்பதன்றி ஆங்கு இயற்பெயர் இல்லை. பெயர் மறைந்தமையால் அன்பு எல்லார்க்கும் பொதுவாகிறது. இம்மறைவு இருவர்க்கும் ஒப்ப அமைந்தது என்பதை மறத்தலாகாது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குறியீட்டு ஓவியரும் மறைவை விரும்பினர். பெல்ஜிய ஓவியர் ஃபெர்னான் க்னோஃப் 1896இல் தீட்டிய ‘வருடல்’ ஓவியத்தில், பெண்முகமும் சிறுத்தையுடலும் கொண்ட உருவமொன்று இளைஞன் ஒருவனோடு கன்னம் இழைந்து நிற்கிறது. அது அன்போ, ஆட்கொள்ளலோ? ஓவியர் விடை கூறவில்லை. ஆயினும் அந்த ஐயம் இருவரையுமே சூழ்கிறது.

குறியீட்டு நெறியினர் தம்மவராகப் போற்றிய கோகன் 1891இல் தாகித்தித் தீவுக்குச் சென்றார். அவர் ஓவியங்களை அறிந்தவர், பாரிஸில் பயின்ற சிங்கப்பூர் ஓவியர் லியூ காங். அவரும் சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகியோரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்றனர். அப்பயணத்தின் பயனாக 1954இல் லியூ காங் தீட்டியதே ‘ஓவியரும் மாதிரியும்’. தேக்காவிலிருந்து தொலைவில் இல்லாத தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் அது உள்ளது.

ஓவியர் ஒருவர் பாலிப் பெண்ணொருத்தியை வரைகிறார். உருவங்களைச் சுற்றி ஓடும் வெண்கோடுகள் பாத்திக் துணியை நினைவூட்டுகின்றன. ஒரே வகைக் கோடு இருவரையும் ஓருலகில் சேர்க்கிறது. அதே கோடு இருவரையும் தனித்தனியே பிரித்தும் நிறுத்துகிறது. நெருக்கமா, விலகலா என்பது துணியப்படாமல் நிற்பதே இவ்வோவியத்தின் அழகு.

எனினும் ஒரு வினா எழுகிறது. தலைப்பு எவர் பெயரையும் சுட்டவில்லை. ஆனால் வரைபவர் சென் வென் சி என்பதைக் கலையுலகம் நன்கறியும். பெண்ணோ ‘மாதிரி’ என்றே பேசப்படுகிறாள். அகப்பாட்டில் இருவர்க்கும் உரிய மறைவு, ஈண்டு ஒருத்திக்கே உரியதாயிற்று. அவள் மௌனத்தை ‘மருமம்’ என்று வியப்பது எளிது. மறைத்துச் சொல்லுதல் வேறு. கேளாது விடுதல் வேறு.

இக்குறையை லியூ காங் ஓரளவு ஈடுசெய்கிறார். கோகனின் தாகித்தி ஓவியங்கள் பலவற்றில் பார்க்கப்படுபவளைக் காண்கிறோம், பார்ப்பவரைக் காண்பதில்லை. லியூ காங்கோ தம் தோழரையும் அவர் தொழிலையும் படத்துக்குள் கொணர்ந்தார். அதனால் பெண்ணை மட்டும் நோக்கிவிட்டு நகர நம்மால் இயலாது. அவளை நோக்குபவரையும் நோக்க வேண்டியவர் ஆகிறோம். இப்படத்தின் பெருமை வண்ணத்தினும் இந்நேர்மையிலேயே மிகுதியும் உள்ளது.