பிரிந்தவர் மீண்டும் சந்திக்கும் நாவல்கள்

பிரிந்த காதலர்கள் பல வருடம் கழித்துச் சந்திக்கும் நாவலைக் கையில் எடுக்கும்போதே முடிவு அநேகமாக நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே நான் பார்ப்பது இரண்டைத்தான். முதலில் ஏன் பிரிந்தார்கள்? இடையில் ஓடிய வருடங்கள் அவர்களை என்ன செய்தன? ஒரு பொய்யை நம்பிப் பிரிந்தவர்கள் உண்மை வெளிப்பட்டதும் சேர்ந்துவிடுவார்கள். அத்தகைய கதையில் காலத்துக்கு வேலையே இல்லை.

ஆங்கிலத்தில் இந்த வகைக்குத் தலைமகன் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. 1817 ஜூலையில் அவர் இறந்தார். நாவல் அந்த டிசம்பரில் வெளிவந்தது. ஆன் எலியட் 19 வயதில் கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்துக்கு வாக்குக் கொடுக்கிறாள். அவனிடம் சொத்தில்லை. தாயில்லாத அவளுக்குத் தாய்போல் இருந்த லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்கிறார், ஆன் விலகுகிறாள். ஏறக்குறைய எட்டாண்டுகள் கழித்து, 1814இல் போர் ஓய்ந்து அதிகாரிகள் கரை திரும்புகிறார்கள். எதிரிக் கப்பல்களைப் பிடித்த பரிசுப் பணத்தால் வென்ட்வொர்த்திடம் இப்போது 25,000 பவுண்டு இருக்கிறது. ஆனின் தந்தையோ கடன் தாளாமல் மாளிகையை வாடகைக்கு விடுகிறார். அதில் குடியேறுபவர் வென்ட்வொர்த்தின் அக்காள் கணவர். நிலப்பிரபுக் குடும்பத்தின் சரிவும் கடற்படையின் ஏற்றமும் சேர்ந்துதான் இருவரையும் ஒரே கூடத்தில் நிறுத்துகின்றன.

பணத்தடை இப்படித் தொடக்கத்திலேயே நீங்கியும் கதை நீள்கிறது. அவன் மனத்தில் ஆறாத கோபம் இருக்கிறது. அவள் அதை வாய்திறவாமல் தாங்குகிறாள். 1816இல் ஆஸ்டின் எழுதிய முதல் முடிவில், வாடகைக்கு வந்த அட்மிரல் க்ராஃப்ட் தன் பொருட்டு ஆனிடம் ஒரு விஷயம் கேட்டுவரும்படி வென்ட்வொர்த்தை அனுப்ப, அந்தச் சங்கடத்தில் இருவரும் மனம் திறக்கிறார்கள். ஆஸ்டினுக்கு அது பிடிக்கவில்லை, மாற்றி எழுதினார். புதிய முடிவில், பெண்ணின் காதல் எவ்வளவு காலம் நிற்கும் என்று ஆன் இன்னொருவரோடு வாதிடுவது அவன் காதில் விழுகிறது. அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான். தற்செயல் செய்த வேலையை அவள் குரல் செய்கிறது. கைவிடப்பட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப்படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்த நாவலை நேசிப்பவர்கள் அதையும் படித்தே ஆகவேண்டும். தவிர, அன்று பெரியவர் சொல் கேட்டது தவறு என்று ஆன் கடைசிவரை ஒப்புக்கொள்வதில்லை. அந்த உறுதிக்காகவே அவள்மேல் எனக்குத் தனி மதிப்பு.

எடித் வார்ட்டன் 1920இல் எதிர்த்திசையில் போனார். 'தி ஏஜ் ஆஃப் இன்னசென்ஸ்' முடிவில் 57 வயது ஆர்ச்சர், மனைவி இறந்த பிறகு, பாரிஸில், ஒருகாலத்தில் தான் காதலித்த எல்லனின் வீட்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து மகனை மட்டும் மேலே அனுப்புகிறான். இருபத்தாறு ஆண்டு நினைவில் வளர்ந்தவளை நேரில் பார்க்க அவனுக்கு மனம் துணியவில்லை. மார்க்வெஸின் 1985ஆம் ஆண்டு நாவலான 'காலரா காலத்தில் காதல்' அரைநூற்றாண்டுக் காத்திருப்பைச் சொல்கிறது. அங்கே முதியவர்களின் உடல் தளர்ச்சி மறைக்கப்படாமலே காதல் நிறைவேறுகிறது.

இன்றைய காதல் நாவலுக்குச் சுபமான முடிவு எழுதப்படாத சட்டம். அதற்குள்ளும் சிலர் இடைக்காலத்தைப் பொறுப்போடு எழுதுகிறார்கள். டியா வில்லியம்ஸின் 'செவன் டேஸ் இன் ஜூன்' (2021) நாவலில் பதினைந்தாண்டுகள் கழித்துச் சந்திக்கும் இருவரும் எழுத்தாளர்கள். அவளுக்குத் தீராத ஒற்றைத் தலைவலி, வளரும் மகள். அவன் குடியிலிருந்து மீண்டவன். பழைய வேட்கை திரும்பினாலும் இவை ஒன்றும் காணாமல் போவதில்லை. எமிலி ஹென்றியின் 'ஹேப்பி பிளேஸ்' (2023) கதையில் பிரிவு ஐந்து மாதந்தான். காலம் தன் வேலையைச் செய்ய அது போதாது. ஆனால் பிரிவின் காரணம் அசலானது. தந்தையை இழந்த துயரில் வின் ஒடுங்கிப்போகிறான். ஹாரியட் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் மூழ்கியிருக்கிறாள். கடைசியில் அவள் மருத்துவத்தை விடுவது, காதலனுக்காகத் தொழிலைத் துறப்பதுபோல் மேலுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தத் தொழிலை அவள் தன் பெற்றோர் மகிழவே தேர்ந்தாள் என்பதை நாவல் நெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.