ஒரு நண்பனும் பல எதிராளிகளும்: மொந்தேனின் இரண்டு கட்டுரைகள் குறித்து

நட்பைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் யாரிடமாவது பேச்செடுத்தால் சற்று நேரத்தில் மொந்தேன் வந்துவிடுவார். 1580 இல் வெளியான அவரது 'கட்டுரைகள்' முதல் நூலின் இருபத்தெட்டாம் அத்தியாயம் நட்புக்குரியது. அவருடைய நண்பர் லா போயெசி 1563 இல், முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அந்தத் துயரின் மேல் எழுந்த கட்டுரை அது. எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தடை உண்டு.

அங்கே சொல்லப்படும் நட்பு கதவு பூட்டிய அறை. மூன்று நூற்றாண்டுக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிது என்கிறார். இரண்டு உயிர்கள் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்ளுமாம். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பெண்களுக்கு அறவே இல்லை. இந்த உறவைத் தாங்கும் உறுதி அவர்கள் மனதுக்குக் கிடையாது என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார். (அவர் இறந்தபின், 1595 இல், அவர் விட்டுச்சென்ற சேர்க்கைகளோடு நூலைப் பதிப்பித்தவர் மரி த குர்னே என்ற பெண். வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு.)

1588 இல் வந்த மூன்றாம் நூலின் எட்டாம் கட்டுரை உரையாடும் கலை பற்றியது. இதை எழுதியவர் வேறொரு மனிதரோ என்றுகூடத் தோன்றும். இடைப்பட்ட காலத்தில் அவர் போர்தோ நகரின் மேயராக இருந்துவிட்டார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் 1562 இல் தொடங்கிய போரில் இன்னும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றியுள்ள வீடுகளெல்லாம் அரண் எழுப்பியபோது தன் வீட்டை அரணின்றி விட்டிருந்ததாகச் சொல்லும் இந்த மனிதர், இக்கட்டுரையில் தன் காதையும் அப்படியே திறந்துவிடுகிறார். தன்னை மறுத்துப் பேசுபவரே தனக்குக் கற்பிப்பவர். எல்லோரும் ஒத்துப்போகும் உரையாடலைப்போல் சலிப்பூட்டுவது வேறில்லை. உண்மை எவர் கையில் இருந்தாலும் அதனிடம் சரணடைவேன் என்கிறார். பார்வையை இழப்பதா, கேட்கவும் பேசவும் இயலாமற் போவதா என்று வந்தால் பார்வையை விட்டுக்கொடுப்பாராம்.

அவருடைய கேலி படித்தவர்கள் மேல்தான். இடையரும் கடைப் பையன்களும் சண்டை பிடிக்கும்போது விசயத்தை விட்டு விலகுவதில்லை, நாங்கள்தான் விலகுகிறோம் என்கிறார். மகன் பேச்சுப் பள்ளியில் பேசப் பழகுவதிலும் மதுக்கடையில் பழகுவது மேல் என்றும் எழுதுகிறார். எங்களிடமும் 'கேள்வி' என்றொரு குறள் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சான்றோர் சொல்லைக் கேட்பது. எதிராளியைக் கேட்பது வேறு வித்தை.

இந்த வரிகளைப் படிக்கையில் ஐரோப்பிய நகரங்களின் வாடகை மண்டபங்களில் நடந்த எங்கள் சந்திப்புகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஒருவர் கட்டுரை வாசித்து முடித்ததும் எழும் முதற் கேள்வி: "நீர் முந்தி எந்த இயக்கம்?" பதில் கிடைத்துவிட்டால் கட்டுரையைப் பற்றிக் கேட்க எதுவுமில்லை. உருப்படியான கதை தேத்தண்ணி இடைவேளையில், குசினிப் பக்கம்தான் நடந்தது. அங்கே இரண்டு 'எதிரிகள்' ஒரு மணித்தியாலம் நின்று கதைப்பார்கள். மண்டபத்துக்குள் திரும்பியதும் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு நட்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒரே பக்கம் நின்றவர்களெல்லாம் நண்பர்கள்தானே.

ஆனால் மொந்தேனையும் இவ்வளவு இலகுவில் விட்டுவிட முடியாது. லா போயெசி இளவயதில் எழுதிய நூல் ஒன்று உண்டு: ஒரு கொடுங்கோலனுக்குப் பல இலட்சம் பேர் ஏன் தாமாகவே அடிமைப்படுகிறார்கள் என்று கேட்பது. அதைத் தன் நூலின் நடுவில் வைத்து நண்பனைக் கௌரவிப்பதே மொந்தேனின் திட்டம். 1570களில் புரட்டஸ்தாந்தினர் முந்திக்கொண்டு அதைத் தமது பிரசுரங்களில் அச்சிட்டார்கள். தீய நோக்கோடு வெளியிட்டுவிட்டார்கள் என்று சொல்லி மொந்தேன் அதை விலக்கினார். அது ஒரு பையனின் பயிற்சி எழுத்து என்று வயதையும் குறைத்துச் சொன்னார். நண்பனை ஒரு தரப்பின் ஆயுதமாகாமல் காத்தாரா, தன் தலையைக் காத்தாரா? இரண்டும்தான் என்பது என் ஊகம். 'இப்போது போட்டால் அவங்கள் பாவிப்பாங்கள்' என்று சொல்லி நண்பரின் கையெழுத்துப் பிரதியை மேசை லாச்சிக்குள் வைத்த எங்களில் எவருக்கும் அவரைத் தீர்ப்பிடும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அந்த இடத்தில் லா போயெசியின் 29 காதற் கவிதைகளை வைத்தார். 1588க்குப் பின் தன் சொந்தப் பிரதியில் அவற்றையும் கோடிட்டு அடித்துவிட்டார். முதல் நூலில் 57 அத்தியாயங்கள். நட்ட நடுவில் இருபத்தொன்பதாவது. இன்றும் அதில் ஒரு சமர்ப்பணமும், கவிதைகள் வேறிடத்தில் கிடைக்கும் என்றொரு குறிப்பும் மட்டுமே இருக்கின்றன.